சத்தமில்லாத மோட்டார்

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கு முன்னால் பஸ் இரைச்சல், பின்னால் கடற்கரை ரயில். அதெல்லாம் என் மனைவிக்குப் பழகிப்போயிருந்தது. பழகாதது கட்டிலடியில் இருந்த மூச்சு மெஷின்தான். நுரையீரல் பழுதான பிறகு அதன் முகமூடி இல்லாமல் அவளால் படுக்க முடியாது. பழைய மாடல், நின்றுபோனால் கூப்பிட்டுச் சொல்ல அதில் அலாரம்கூட இல்லை. உள்ளே காற்றை ஊதும் சின்ன மோட்டார் தலைதெறிக்கச் சுற்றிக்கொண்டு கீச்சென்று கத்தும். அவளோ பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள். சுருதி சேராத பிள்ளையொன்றைப் பக்கத்தில் கிடத்தின மாதிரி இருக்கிறது என்பாள்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. வேலையிடத்தில் நான் செய்வதே அதிவேக மோட்டார்களுக்கு மின்சாரத்தை அளந்து கொடுத்து ஓட்டும் இன்வெர்ட்டர்கள். சாதாரண இன்வெர்ட்டர் மின்சாரத்தை ஒரேயடியாகத் திறக்கும், ஒரேயடியாக மூடும். அந்த உதையில்தான் மோட்டார் அலறுகிறது. மல்டிலெவல் இன்வெர்ட்டர் பல படிகளாக ஏற்றி இறக்கும். மாடியிலிருந்து குதிப்பதற்கும் படியால் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம். அவளுடைய மெஷினில் கைவைக்க எனக்கென்ன விசரா, பைத்தியமா? அதே அளவு மோட்டார் ஒன்றை வேறாக ஓட்டிக் காட்டுவோம், பிறகு டொக்டரிடம் கேட்போம் என்று சாப்பாட்டு மேசையில் தொடங்கினேன். மருதானைக் கடைகளில் சிங்களத்தில் கெஞ்சிக் கூத்தாடிச் சாமான் சேர்த்தேன். முதல் சர்க்கிட் போர்ட் புகைந்தது. அந்த மணத்துக்கு அவள் இருமியபோது பால்கனியில் நின்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒரு பின்னேரம் அது ஓடியது. கட்டிலடிக்குக் கொண்டுபோய் முழு வேகத்தில் விட்டேன். காற்று அவள் கையில் பட்டது. சத்தம் இல்லையென்றே சொல்லலாம். எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. அவள் முகமூடியை விலக்கினாள்.

"நல்லாயிருக்கு. ஆனா எனக்கு வேண்டாம்."

கோபம் வந்தது. இவ்வளவு நாளும் சத்தம் சத்தம் என்று அரியண்டம் தந்தது யார் என்று கேட்டேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"கரண்ட் போனா இந்தக் கீச்சு நிக்கும். அது நிண்டாத்தான் நீங்கள் எங்கயிருந்தாலும் ஓடிவந்து பட்டரியில மாத்திறியள். சத்தமே இல்லாட்டி, நிண்டது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

இந்தப் பயத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டா இவ்வளவு காலமும் படுத்திருந்தாள்? என் மோட்டாரைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு வீட்டின் எந்த மூலையில் நின்றாலும் என் காது அந்தக் கீச்சிலேயே கிடந்தது. அவளும் அதைப் பற்றி முறைப்பாடு சொல்லவில்லை.

அவள் போன அன்று காலையில் கரண்ட் இருந்தது. நான் குசினியில் அவளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். கீச்சுச் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. அதனால் அவசரப்படவில்லை. உப்புப் பார்த்து, ஆறவிட்டு, கோப்பையில் ஊற்றிக்கொண்டு மெதுவாகத்தான் போனேன். மெஷின் ஊதிக்கொண்டிருந்தது. அவள்தான் மூச்சு விடவில்லை.