செத்தவரை எழுப்பும் மந்திரம்

அறுபதுகளின் கடைசியில், ஒரு கோடை விடுமுறையில், காரைக்குடியில் நாங்கள் மூன்று தோழிகள் தாயக்கட்டையை வைத்து ஒரு போர் விளையாட்டை உண்டாக்கினோம். புளியங்கொட்டைகள் படைவீரர்கள், சோழி மந்திரவாதி. சோழி யார் கையில் இருக்கிறதோ அவளே தினமும் ஜெயித்ததால் ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டது. அதனால் மந்திரவாதிக்குச் சட்டம் போட்டோம். ஒரு மந்திரம் போட்டால் அடுத்த முறை சோழி வைத்திருப்பவள் கட்டையை உருட்டக் கூடாது. செத்தவரை எழுப்பும் மந்திரம் அறவே கிடையாது.

எழுப்பினால்தான் என்ன என்று நான் கேட்டதற்கு, எங்கள் மூவரில் ஒருத்தியான பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கே வந்துவிட்டாள். "செத்தவுக எந்திரிச்சு வந்தா, அப்பறம் சாவுக்கு என்னடி மரியாதை?"

அந்த விடுமுறையிலேயே அவள் அம்மா பிரசவத்தில் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்தாள். வெட்டுப்பட்டு வெளியே கிடந்த ஒரு புளியங்கொட்டையை எடுத்து, "தாயம் விழுந்தா இது எந்திரிக்கலாம்னு வச்சுக்குவமா?" என்றாள். நாங்கள் தலையாட்டினோம்.

எத்தனை கெஞ்சினாலும் விழாத பாழாய்ப்போன தாயம், அன்றைக்கு முதல் உருட்டிலேயே விழுந்தது. அவள் கொட்டையைக் கட்டத்தில் வைத்துவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.