சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய ஸ்லைடுகள்

1. கீழ்த்தட்டு ட்ரே

லேப் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அந்த ட்ரேயை இழுத்துத் திறந்தேன். உள்ளே நாற்பத்தோரு ஸ்லைடுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் சிவப்பு ஸ்டிக்கர். எல்லாம் கர்ப்பப்பை வாயிலிருந்து நான் தடவி எடுத்த பாப் ஸ்மியர். ஒன்றுக்குக்கூடச் சாயம் ஏற்றவில்லை. சாயம் ஏற்றாத ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒன்றும் புரியாது. அப்படியென்றால் பதினான்கு மாதமாக அவற்றை ஒருவரும் பார்க்கவில்லை.

நான் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் மகளிர் பிரிவு ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். ஆஸ்பத்திரிப் பெயர் வேண்டாம். எச்.ஐ.வி.க்கு மாத்திரை இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்த காலம். பிழைத்துக்கொள்வோம் என்ற நம்பிக்கை அந்தப் பெண்களுக்கு அப்போதுதான் வந்திருந்தது. அவர்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம், முன்கூட்டியே பார்த்துவிட்டால் ஓ.பி.யிலேயே சரிசெய்துவிடலாம் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வியாழக்கிழமைதோறும் ஸ்மியர் எடுத்தேன். எச்.ஐ.வி. உள்ளவர்களின் ஸ்லைடில் மட்டும் அந்தச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டியதும் நான்தான். லேப்காரர்கள் கையுறை போட்டுக் கவனமாகத் தொடட்டும் என்று யாரும் சொல்லாமலே ஆரம்பித்தேன். அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு. வெட்கக்கேடு!

2. முத்துமாரி

ட்ரேயைத் தேடிப் போக வைத்தவள் முத்துமாரி. திருவாதவூர்க்காரி, நடவு, களையெடுப்பு வேலை. லாரி கிளீனராக இருந்த புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். முதல் தடவை டேபிளில் ஏறப் பயந்து அரைமணி நேரம் என்னைப் பாடாய்ப் படுத்தினாள். முடிந்ததும், இம்புட்டுத்தானா என்று சிரித்தாள். மாத்திரை வாங்கும் வரிசையில் நின்ற பெண்களிடம் பேசிப் பேசி, அடுத்தடுத்த வாரங்களில் ஒன்பது பேரை அவளே கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

இரண்டு மாதம் கழித்து வந்து கேட்டாள்.

“ரிப்போர்ட்டு வரலையே சிஸ்டர். அப்ப நான் நல்லா இருக்கேன்ல?”

“கெட்டதா இருந்தா அப்பவே கூப்புட்டிருப்பாங்க. வரலைன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். போயிட்டு வா.”

அன்றைக்கு ஓ.பி.யில் நெரிசல். லேப்புக்குப் போய்க் கேட்க எனக்குச் சோம்பல், அவ்வளவுதான். வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினேன். அவள் அதை அந்த ஒன்பது பேருக்கும் சொன்னாள்.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து மறுபடி என்னிடம் வந்தபோது ஆள் பாதியாகியிருந்தாள். மாதவிலக்கு இல்லாத நாளிலும் ரத்தம், தாங்க முடியாத நாற்றம். எத்தனை நாளாக என்றேன். நாலு மாதமாம். ஏன் உடனே வரவில்லை என்று கத்திவிட்டேன். டெஸ்ட்டுதான் எடுத்து நல்லாயிருக்குன்னு சொன்னீங்களே, அதனால் சூடு என்று நினைத்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன் என்றாள். ரிஜிஸ்டரைப் புரட்டினேன். அவள் பெயருக்கு நேராக முடிவு எழுதும் கட்டம் காலி. மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். சிவப்பு ஸ்டிக்கர்காரர்கள் அத்தனை பேருக்கும் காலி.

3. தனி ஜார்

லேப் டெக்னீஷியன் நல்ல பையன். ஒளிக்கவெல்லாம் இல்லை, ட்ரேயைக் காட்டியதே அவன்தான்.

“இதையும் மத்த ஸ்லைடையும் ஒரே சாய ஜார்ல முக்கக் கூடாதுன்னு முன்னாடி இருந்தவர் சொல்லிட்டுப் போனாரு சிஸ்டர். தனி ஜார் கேட்டு இன்டென்ட் போட்டோம். இன்னும் வரல.”

எடுத்த நிமிஷமே ஸ்பிரிட்டில் போட்ட ஸ்லைடில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும்? பாடத்தில் படித்தவன்தான். படித்த நானும்தானே ஸ்டிக்கர் ஒட்டினேன்! பேத்தாலஜி டாக்டரோ, எச்.ஐ.வி. ஸ்லைடே தனக்கு வருவதில்லை, நீங்கள் எடுப்பதில்லை போலிருக்கிறது என்று நினைத்தாராம். ட்ரேயைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சாப்பிடக்கூடப் போகவில்லை. அன்றே சாதாரண ஜாரிலேயே எல்லாவற்றுக்கும் சாயம் ஏற்ற வைத்தார்.

நாள்பட்டதில் பாதி ஸ்லைடுகள் படிக்க முடியாதபடி கெட்டிருந்தன. முத்துமாரியுடையது கெடவில்லை. டாக்டர் என்னையே பார்க்கச் சொன்னார். கருப்பாக, பெருத்த உட்கருக்கள். புற்றுக்கு முந்தைய கட்டம், அன்றே தெரிந்திருந்தால் கால் மணி நேர வேலை என்றார். இப்போது பயாப்ஸியில் புற்று என்று உறுதியானது, பரிசோதித்ததில் அது பக்கவாட்டிலும் பரவியிருந்தது.

மற்ற நாற்பது பேரையும் ஊர் ஊராகப் போய்க் கூட்டி வந்து மறுபடி எடுத்தோம். நாலு பேருக்கு ஆரம்ப மாற்றம், சிகிச்சை கொடுத்தோம். அந்த நாலு பேரும் நான் ஓய்வு பெறும்வரை செக்கப்புக்கு வந்தார்கள்.

4. கதிர் சிகிச்சை வார்டு

முத்துமாரியை வார்டில் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், கேட்கத் தைரியமில்லை. தலைமாட்டில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அவளே கேட்டாள்.

“மொத மொத எடுத்தீங்களே, அப்பவே இது இருந்துச்சா சிஸ்டர்?”

“இருந்துச்சு. அப்பவே பார்த்திருந்தா சரிபண்ணியிருக்கலாம். யாரும் பார்க்கல. நானும் போய்க் கேக்கல.”

கோபப்படுவாள் என்று நினைத்தேன். நான் நீட்டிய சுளையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்ல சிஸ்டர். தெரியலைன்னு சொல்லியிருந்தா, நான் தெனமும் வந்து கேட்டிருப்பேன்.”

ஏழு மாதத்தில் இறந்துவிட்டாள்.

ஸ்டிக்கரை அந்த வாரமே நிறுத்திவிட்டோம், அது சுலபம். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் நான் சொல்வது வேறு. ரிப்போர்ட் கையில் இல்லாமல் ஒரு பெண் வந்து கேட்டால், ‘தெரியலைம்மா, இரு, பார்த்துட்டு வாரேன்’ என்று சொல்லிவிட்டு லேப்புக்கு நடந்து போங்கள். எங்கள் ஓ.பி.யிலிருந்து லேப்புக்கு மாடிப்படி பதினெட்டுதான்.