நைனாவின் பழைய மாத்திரை

திருவொற்றியூரிலிருந்து கிண்டிப் பக்கமிருந்த ஆய்வகத்துக்குப் போய்வர நாளுக்கு நான்கு மணி நேரமாகும். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால் ஐந்து. இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள் அப்படித்தான் கழிந்தன. எந்த வேலையைச் செய்தாலும் என் ஒரு கண் கடிகாரத்திலேயே இருக்கும்.

என் முனைவர் பட்ட ஆய்வு பானெக்சின் என்ற புரதத்தைப் பற்றியது. நம் உடலின் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு சவ்வு உண்டு. அந்தச் சவ்வில் பானெக்சின் ஒரு சின்னக் கதவு. செல்லுக்கு அடிபட்டாலோ மூச்சு முட்டினாலோ கதவு திறக்கும். உள்ளேயிருக்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வெளியே கசியும். பக்கத்துச் செல்கள் அதைக் கண்டு உஷாராகும். கதவு மூடாமலே கிடந்தால் அந்தப் பரபரப்பே நோயாகிவிடும். வீக்கம், வலிப்பு, மூளையில் ரத்தம் அடைபடும்போது ஏற்படும் சேதம் ஆகியவற்றில் இதற்குப் பங்கிருக்கலாம் என்று அப்போது எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

இந்தக் கதவை மூடக்கூடியது என்று வெளிநாட்டில் கண்டுபிடித்திருந்த மருந்தின் பெயரைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புரோபெனசிட். அது எங்கள் நைனாவின் மாத்திரை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எண்ணூரில் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யூரிக் ஆசிட் ஏறி, கால் பெருவிரல் தக்காளி மாதிரி வீங்கும். பல வருடம் அந்த மாத்திரைதான் சாப்பிட்டார். சிறுநீரகத்தில் கல் சேருகிறதென்று டாக்டர் அதை நிறுத்திவிட்டு வேறொன்று கொடுத்திருந்தார்.

நான் அந்த மருந்தை என் செல்கள்மீது போட்டுப் பார்த்தேன். கசியும் ஏடிபியை அளக்க மின்மினிப் பூச்சியின் நொதி ஒன்றைச் சேர்ப்போம். ஏடிபி எவ்வளவோ அவ்வளவு வெளிச்சம். செல் வளர்க்கும் தட்டில், மருந்து போடாத குழிகளில் வெளிச்சம் கொட்டியது. போட்ட குழிகளில் அடங்கிக் கிடந்தது. மறுநாளும் அப்படியே. என்னால் உட்கார முடியவில்லை. வீட்டுக்கு வந்து, கைகூடக் கழுவாமல் நைனாவிடம் சொன்னேன்.

"அப்போ நம்ம மாத்திர பெரிய ஆளுதான்னு சொல்லு," என்றார். "இத்தப் போயி நிறுத்தச் சொன்னாரே அந்த டாக்டரு!"

நான் சிரித்தேன். அங்கேயே மறுத்துப் பேசியிருக்க வேண்டும்.

ஒரு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பினோம். நைனா டீக்கடையில் மாத்திரையையும் கதவையும் பற்றி எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் என்னுடன் வேலை பார்த்த தோழி அதே செல்களை வைத்து அளந்தாள். அவளுக்கு மருந்து போடாத குழிகளிலும் வெளிச்சம் லேசாகத்தான் இருந்தது. மூன்று நாள் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ திரவத்தை எப்படி ஊத்துறன்னு பாரு. பீச்சி அடிக்கிற."

பார்த்தேன். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நான் பீச்சியடித்த வேகத்திலேயே சவ்வு இழுபட்டுக் கதவு திறந்திருக்கிறது. மருந்து போடாத குழிகளை ஊற்றியதுமே அளந்தேன்; மருந்துக் குழிகளை மட்டும், மருந்து ஊற வேண்டுமென்று கொஞ்ச நேரம் விட்டுவைத்திருந்தேன். அதற்குள் அந்தச் செல்கள் அடங்கிவிட்டன. நான் அளந்தது மருந்தை அல்ல, என் அவசரத்தை. இழுபட்டால் பானெக்சின் திறக்கும் என்று எத்தனை முறை படித்திருப்பேன்!

என் ஆய்வு வழிகாட்டியிடம் உடனே சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று நான்கு நாள் ஓட்டினேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போனேன்.

ஐந்தாம் நாள் காலையில் நைனா இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அங்கிருந்த டாக்டர் கேட்டதும், அம்மா பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். பழைய மாத்திரை. பாதி காலியாகியிருந்தது.

"இன்னா நைனா இது?"

"நீதான சொன்ன," என்றார் வலியில் பல்லைக் கடித்தபடி. "புது மாத்திரைய வுட்டு ஒரு மாசம் ஆவுது. பொண்ணு படிச்சது பொய்யாவா பூடும்?"

வராண்டாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். அன்று சாயங்காலம் வழிகாட்டிக்கு அங்கிருந்தே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "சுருக்கத்தைத் திரும்ப வாங்கிக்குவோம்," என்றார். "நாலு நாள் ஏன் சும்மா இருந்தே?"

நைனாவுக்குக் கல் தானாகவே இறங்கியது. வீட்டுக்கு வந்த அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். நான் அளந்ததில் தப்பு, அந்த அளவு சரியாகவே இருந்திருந்தாலும் தட்டிலுள்ள செல்லுக்கு நடப்பதை வைத்து அவர் மாத்திரையை மாற்றியிருக்கக் கூடாது என்றேன்.

"தெருவுல நா இன்னான்னு சொல்றது?"

"தப்பாப் பூட்ச்சின்னு சொல்லு."

"நீயே வந்து சொல்லு."

போனேன். டீக்கடையில் நைனாவின் பழைய பவுண்டரி கூட்டாளிகள் நான்கு பேர் இருந்தார்கள். நடந்ததைச் சொல்லி முடித்தேன். ஒருவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்தக் கதவாவது நெசமா கீதா, இல்ல அதுவும் இல்லியா?"

"கீது மாமா. நாதான் பேஜாரு பண்ணி தொறந்துட்டேன்."

நைனாதான் முதலில் சிரித்தார்.

அதன்பிறகு திரவம் ஊற்றியதும் அரைமணி நேரம் எதையும் தொடாமல் காத்திருந்தே அளந்தேன். அந்த அரைமணி என்னைப் பாடாய்ப்படுத்தியது. எழுந்து ஜன்னலுக்குப் போவேன், வருவேன், மறுபடி போவேன். மருந்தின் விளைவு இருக்கத்தான் செய்தது, முன்பு பார்த்ததில் ஒரு சிறு பங்கு. அதைத்தான் எழுதினேன். வீட்டுக்குப் போகப் பெரும்பாலும் ஒன்பது மணியாகிவிடும். நைனா புது மாத்திரையை விழுங்கிவிட்டு, அட்டையில் அன்றைக்குக் காலியான இடத்தை என்னிடம் காட்டிவிட்டுத்தான் படுப்பார்.