மீனுக்கு மட்டும் அலுங்காத வண்டி

தினமும் தேவிபட்டினத்தில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியை பைக்கின் பின்னால் கட்டி, நயினார்கோவில் வரை போய் விற்கிறேன். பெட்டியின் கனத்தில் பின்பக்கம் அமுங்கினால் ஹேண்டில் ஆடும். அதனால் ஷாக் அப்சார்பரை முழுக்க இறுக்கி வைத்திருக்கிறேன். பெட்டி இருந்தால் வண்டி அலுங்காமல் போகும்.

இன்று விற்று முடித்து, அலுப்போடு வீட்டில் பெட்டியை இறக்கினேன். ஷாக்கைத் தளர்த்த மறந்து, மனைவியை ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் கிளம்பிவிட்டேன்.

பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப் போட்டது. ஒரு வளைவில் பின்சக்கரம் துள்ளி விலகி, கருவேல முள்ளுக்குள் போகப் பார்த்தோம். காலை ஊன்றி நிறுத்தினேன்.

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"ஏங்க, என்னையக் கொல்லவா கூட்டிட்டு வந்தீங்க?"

"மீன் கனத்துக்கு இறுக்குனது. நம்ம ரெண்டு பேருக்கு அமுங்க மாட்டேங்குது."

"அப்ப இங்கனயே தளர்த்துங்க."

"ஸ்பேனர் ஐஸ் பெட்டியோட வீட்டுல கெடக்கு."

பின்னால் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள். ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "நாளைக்கு என்னையவும் அந்தப் பெட்டிக்குள்ள வச்சு ஐசைப் போட்டுருங்க. மீனத்தான் அலுங்காமக் கொண்டு போறீங்க."

அவள் பஸ்ஸில் போனதும் கனம் குறைந்து, வண்டி இன்னும் அதிகமாகத் துள்ளியது.

மீன் ஏற்றும் சொந்தங்களே, உங்கள் வீட்டுக்காரம்மா எதில் வருகிறார்கள்?