பத்தாயத்தின் மேல்

நேற்று சுண்டலுக்குக் கொண்டைக்கடலையை ஒரு டப்பாவில் ஊறப்போட்டு, என் வழக்கமான அவசரத்தில் மூடியை இறுக்கிவிட்டேன். காலையில் அது டப்பென்று தெறித்தது. வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடலைக்கு நடுங்குகிற பெண்பிள்ளையை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

எழுபதுகளில் நாங்கள் வரிச்சிக்குடியில் இருந்தோம். கூடத்து மூலையில் தேக்குப் பத்தாயம். நெல் கொட்டி வைக்கிற, ஆளுயரத்துக்கும் மேலான மரப்பெட்டி. அடியில் நெல் அள்ள ஒரு சின்னக் கதவு. வந்தவர்களிடம் பிள்ளைகளைக் காட்டுவதற்கு முன்னால் அப்பா பத்தாயத்தைத்தான் காட்டுவார். அந்த ஐப்பசியில் குறுவை நெல் அதில் கழுத்துவரை நிரம்பியிருந்தது.

மழை விடாமல் அடித்தபோது அப்பா செய்யவேண்டியதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டினார். தீப்பெட்டியைப் பவுடர் டப்பாவில் அடைத்தார். அம்மா அவலும் வெல்லமும் முடிந்துவைத்தாள். ஆற்றுக்கரை உடைந்த காலையில், முற்றத்துத் தண்ணீர் வெளியே போகிற தூம்பு வழியாகவே வெள்ளம் உள்ளே வந்தது.

"பத்தாயத்து மேல ஏறிக்குங்க. செவுரு போனாலும் அது போவாது," என்றார் அப்பா.

ஏறினோம். அம்மா, நான், அம்மா மடியில் தம்பி. நடக்கப் பழகாத வயது அவனுக்கு. இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிற்றைத் தவிர வேறு உடுப்பு கிடையாது. அப்பா கீழே இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சாமான்களைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார். எனக்கோ தேரில் ஏறினமாதிரி ஒரே குஷி.

மத்தியானம் காலுக்கடியில் பலகை முனகியது. அம்மா கைவைத்துப் பார்த்தாள். மாதாமாதம் அண்டாவில் நெல்லை ஊறவைத்து அவிக்கிறவள். ஊறின நெல் எப்படி உப்பும் என்று அவளுக்குத் தெரியாதா? எங்கள் ஊரில் எவருக்குத்தான் தெரியாது? ஆனாலும் அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நெல்லு ஊறுதுங்க," என்றாள், மெதுவாக.

அப்பா திரும்புவதற்குள் பலகை வெடித்தது. நான் விட்டத்தைப் பிடித்துத் தொங்கினேன். ஒரு பக்கம் பிளந்து நெல் சரிந்தது, அம்மா சாய்ந்தாள், மடியில் தம்பி இல்லை. அப்பா முங்கித் துழாவினார். கைகொள்ளும் மட்டும் நெல்லாக அள்ளி அள்ளி எறிந்தார். அம்மா அழவில்லை. வாயைத் திறந்தபடி நின்றாள், சத்தம் வரவில்லை. கடைசியில் அப்பாவின் விரல் அரைஞாண் கயிற்றில் மாட்டியது. தூக்கித் தலைகீழாகத் தட்டியதும், வாயிலிருந்த நெல்லைக் கக்கிவிட்டு வீறிட்டான்.

பள்ளிக்கூட மாடியில் தங்கியிருந்துவிட்டுத் திரும்பியபோது கூடமெல்லாம் பச்சைப்பசேலென்று நெல் முளைத்திருந்தது. ஒரு மணி நெல் காலில் பட்டாலும் தொட்டுக் கும்பிடுகிற அப்பா, மண்வெட்டியை எடுத்து அவ்வளவையும் கொத்தி எறிந்தார்.

இப்போது பத்தாயமும் இல்லை, வயலும் இல்லை, எல்லாம் மனைக்கட்டு. தம்பி புதுச்சேரியில் பெல்ட் போட்டு ஆபீஸ் போகிற பெரிய மனிதன். ஊருக்கு வரும்போதெல்லாம் அம்மா அவன் முதுகைத் தடவுகிற சாக்கில் இடுப்பில் கயிறு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். அவன் நெளிவான்.

அம்மா போய், காரியமெல்லாம் முடிந்து கிளம்புகிற அன்றைக்கு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் முன்னால் சும்மா நின்றான். எனக்குப் புரியவில்லை. சட்டையை லேசாகத் தூக்கினான்.

"இருக்குக்கா," என்றான்.