மூணாம் மாடிக்காரரின் மூக்கு

“கேக்குறேன் சார், நீங்க சொல்லுங்க” என்றபடியே புகார் அக்கா மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து ஈரத்துணியை விலக்குகிறார். உள்ளே ஆரஞ்சுப் பழ அளவில் ஒரு களிமண் தலை. காதில் மாட்டிய ஹெட்போனில் யாரோ அவரை வறுத்தெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அக்கா தலையை எடுத்து மடியில் வைத்துக் கட்டைவிரலால் கன்னத்தை ஒரு தள்ளு தள்ளுகிறார். “நியாயம்தான் சார், கலங்கலா வந்தா எப்படிக் குடிப்பீங்க?” இன்னொரு தள்ளு. கன்னம் உப்பிவிட்டது. அந்தப் பக்கம் போனை வைத்ததும், “கொஞ்சம் குண்டுதான், பாவம்” என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுக்கிறார்.

குடிநீர் விநியோக அலுவலகத்தில் புகார் கேட்கும் பிரிவு எங்களுடையது. எனக்கு அக்காவின் பக்கத்து இருக்கை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஊரே எங்களைத்தான் திட்டும். புகாரைக் கணினியில் ஏற்றுவதோடு எங்கள் வேலை முடிந்துவிடுகிறது. பேசுகிறவருக்கு அங்கேதான் தொடங்குகிறது. அதைக் கேட்கக் காது மட்டும் போதும், கைக்கு வேலை இல்லை. சிலர் அந்த நேரத்தில் நகம் கடிப்பார்கள், சிலர் காகிதத்தைக் கிழிப்பார்கள். அக்கா முன்பெல்லாம் புடவைத் தலைப்பை முறுக்குவார். தலைப்புகள் எல்லாம் ஓரம் நைந்து கிடக்கும்.

களிமண் வந்தது மகளால். பள்ளிக்கூடத்துக்கு எரிமலை செய்து கொடுத்தது போக மிச்சமிருந்த உருண்டையைப் பெண் அம்மாவின் கைப்பையில் போட்டுவிட்டு மறந்துபோனாள். மறுநாள் ஓர் அம்மாள் போனில் மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளினார். அக்காவின் கை சாவியைத் தேடிப் பைக்குள் போனது, போன இடத்திலேயே தங்கிவிட்டது. அழைப்பு முடிந்து வெளியே எடுத்தபோது உருண்டையின் நடுவில் ஒரு வாய் இருந்தது. உதட்டைக் குவித்து, சண்டைக்குத் தயாராக. “இத நான் பண்ணலடி, அந்தம்மா பண்ணிட்டாங்க” என்று என்னிடம் காட்டினார். அன்று முழுவதும் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. முதலில் செய்த தலைகள் காய்ந்ததும் வெடித்துப் பிளந்தன. உள்ளே குடைந்து எடுத்தால் வெடிக்காது என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு டஜன் பேருக்கு மண்டை உடைந்திருக்கும். பேனா மூடியால் கண், கொண்டை ஊசியால் தலைமுடி, ஐஸ்கிரீம் கரண்டியால் நெற்றி. குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டும் ஆட்களிடம் சொல்லிவைத்து, நல்ல பிசுபிசுப்பான மண் கிடைத்தால் வாங்கிக்கொள்வார். அதை ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கல் பொறுக்கி, மாவு மாதிரி பிசைந்து பாலிதீன் பையில் கட்டி வைத்திருப்பார்.

கண்தான் அவரை வெகுநாள் அலைக்கழித்தது. எங்கே வைத்தாலும் ஆள் அசடு மாதிரி தெரிந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த கணவரின் உச்சியிலிருந்து தாடை வரை நூல் பிடித்து அளந்திருக்கிறார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்கான அந்த மனிதர் திடுக்கிட்டு விழித்து, “என்னடி, பெட்டிக்கு அளவு எடுக்குறியா? நான் இன்னும் இருக்கேன்!” என்று அலறினாராம். மறுநாள் அக்கா அலுவலகத்துக்குள் ஓடிவந்தார். “கண்ணு மேல இல்லடி, நட்ட நடுவுல இருக்கு! இத்தன வருஷமா எல்லாரையும் பாக்குறோம், இது தெரியல பாரேன்!”

குரலைக் கேட்டே முகம் பிடிப்பதுதான் அவருடைய விளையாட்டு. அதற்குச் சொந்தமாகச் சில சட்டங்களும் வைத்திருக்கிறார். “இழுத்துப் பேசுறவங்களுக்குத் தாடை நீளம். கத்துறவங்களுக்கு மேலுதடு இருக்கவே இருக்காது.” சரியா தப்பா என்று யார் போய்ப் பார்த்தார்கள்?

ஒருநாள் ஸ்டேப்ளர் தேடி இழுப்பறையைத் திறந்த மேற்பார்வையாளரின் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே ஒரு கூட்டமே அவரை முறைத்துக்கொண்டிருந்தது. “என்னம்மா இது, சூனியம் கீனியம் வைக்கிறீங்களா?” என்றார். அக்கா விளக்கியதும் ஒவ்வொரு தலையாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “இதுல நான் இருக்கேனா?” என்று கேட்டார். “நீங்க போன்ல திட்டுனதே இல்லையே சார்.” அதற்குப் பிறகு அவர் அந்த இழுப்பறைப் பக்கமே போகவில்லை. எங்களைத் திட்டுவதையும் குறைத்துக்கொண்டார்.

மூணாம் மாடிக்காரர் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த குரல். கீழ் வீடுகளுக்கெல்லாம் வரும் தண்ணீர் அவர் வீட்டுக்கு மட்டும் ஏறாது. தினமும் காலையில் கூப்பிடுவார். மற்றவர்கள் யாராவது எடுத்தால், “அந்தம்மாவக் குடுங்க” என்பார். கொடுத்ததும் திட்டத் தொடங்குவார். ஒருநாள் அவர், “உங்க மண்டையில மூளை இருக்கா, களிமண் இருக்கா?” என்று கேட்டபோது அக்கா அவருடைய தலையைத்தான் கையில் வைத்துக் குடைந்துகொண்டிருந்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வந்த “சிரிங்க, சிரிங்க. தண்ணி இருக்குறவங்க சிரிப்பீங்க” என்ற குரலிலும் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து அவர் திட்டி முடித்ததும் வைப்பதில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்பார், முட்டிவலியைப் பற்றிச் சொல்வார். அக்காவின் கையில் அவர் கழுகு மூக்கும் ஒட்டிய கன்னமும் கூட்டுப் புருவமுமாக உருவாகிக்கொண்டிருந்தார். வாய் மட்டும் அமையவில்லை. வைப்பார், அழிப்பார். “கோவமா பேசுறாரு, ஆனா கோவமே இல்ல. அந்த வாய் எனக்குப் பிடிபட மாட்டேங்குதுடி.”

திடீரென்று அவர் கூப்பிடுவது நின்றது. அறையில் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அக்கா மட்டும் காலையில் ஒவ்வொரு அழைப்புக்கும் நிமிர்ந்து, அது வேறு குரலாக இருக்கக் கண்டு தளர்ந்து உட்கார்ந்தார். நாட்கள் போயின. தன் போனிலிருந்து கூப்பிட்டும் பார்த்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. “தனியா இருக்குற மனுஷன். முட்டி வேற வலிக்குதுன்னாரு” என்று சாப்பாட்டை மூடி வைத்துவிட்டார். புகார்தாரர் வீட்டுக்கு நாங்கள் போகக் கூடாது. விதி அப்படி. அது அக்காவுக்கும் தெரியும். “நீ வரியா, இல்ல நான் மட்டும் போகட்டுமா?” என்றார். தினமும் தட்டச்சு செய்த முகவரி அவருக்கு மனப்பாடம்.

விடுமுறை நாளில் இருவரும் அந்தப் படிகளில் ஏறினோம். ஒவ்வொரு மாடியிலும் அக்கா நின்று மூச்சு வாங்கினார். மூன்றாவதில் பையை மார்போடு அணைத்தபடி கதவைத் தட்டினார்.

திறந்தவர் குள்ளமாக, உருண்டையாக, வழுக்கைத் தலையோடு இருந்தார். மூக்கு என்று ஒன்று இருந்தது, அவ்வளவுதான். சட்டைப் பொத்தான் அளவு. அக்கா அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, “இங்க ஒருத்தர்... தண்ணி வரலன்னு...” என்று தடுமாறினார்.

“வருதே!” என்றார் அவர்.

அதே குரல். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “ஏங்க, உயிரோட இருக்கீங்கன்னு ஒரு போன் பண்ணக் கூடாதா? நான் கூப்பிட்டாலும் எடுக்கல!” என்று அவர் சத்தம் போட, எங்கள் பிரிவின் பொறுமைசாலி கத்துவதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மனிதருக்கு யார் என்று புரிந்துவிட்டது. பரபரப்பாக நாற்காலியை இழுத்துப் போட்டார். “தெரியாத நம்பர எடுக்குறதில்லம்மா, கடன் வேணுமா வீடு வேணுமான்னு உயிர எடுக்குறானுங்க” என்றவர், கொஞ்சம் தயங்கினார். “தண்ணி வந்துடுச்சு. வந்தப்புறம் என்னன்னு சொல்லிக் கூப்பிடுறது?”

“நாத்தம் அடிக்குதுன்னு சொல்லியிருக்கலாமே.”

“அடிக்கலையே. பொய்யா புகார் குடுக்கக் கூடாதில்ல?”

அக்கா பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்தார். இத்தனை படியும் அதைத்தான் அணைத்துக்கொண்டு ஏறியிருக்கிறார் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். மூடியைத் திறந்து ஈரத்துணியைப் பிரித்தார்.

“யாரும்மா இந்தக் கழுகு?”

“நீங்கதான்.”

அவர் அந்தத் தலையைப் பார்த்தார். தன் மூக்கைத் தடவிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிக்கும்போது அவருக்கு வாயோரம் இரண்டும் மேலே போகாமல் அழப்போகிறவர் போலக் கீழே இறங்கின. தோள்கள் குலுங்கின. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணிமைக்காமல் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

களிமண் தலையின் கழுகு மூக்கை இரண்டு விரலால் கிள்ளி எடுத்து மேசை ஓரத்தில் அப்பினார். நாற்காலியை முழங்கால் இடிக்கும் அளவுக்கு முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். அதே மண் விரலால் அவருடைய மோவாயைத் தொட்டு, முகத்தைச் சன்னல் வெளிச்சத்தின் பக்கம் மெல்லத் திருப்பினார்.