புரட்டாசியில் பூனைக்குப் பால்

அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்தேன். இட்லி சாப்பிட்டுவிட்டு, என் பூனைக்குத் தடுப்பூசி போடப் பெரம்பலூர் கால்நடை மருத்துவமனைக்குப் போனேன்.

வரிசையில் எனக்கு முன்னால் அரியலூர்க்காரர் ஒருவர் மடியில் கூடையுடன் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் நாமம், வெளுத்த வேட்டி. மேலே உட்காரும் ஈயைக்கூட அடிக்காமல் ஊதித்தான் விரட்டினார். கூடையில் எலும்பும் தோலுமாக ஒரு வெள்ளைப் பூனை. முறை வந்ததும் டாக்டரிடம் கூடையைத் திறந்து காட்டினார்.

"மணல் தட்டுல ஒழுங்கா போயிட்டிருந்துச்சுங்க டாக்டர். புரட்டாசி பொறந்ததுலேருந்து பாலுஞ்சோறுந்தான். இப்ப தண்ணியா போவுது. நேத்து பூஜை ரூம்லயே போயிடுச்சு."

"பால் அதுக்குச் செரிக்கலை. நிறுத்திட்டு வேகவெச்ச மீன் குடுங்க."

"புரட்டாசில வூட்டுக்குள்ள மீனாங்க?"

"விரதம் உங்களுக்கா, பூனைக்கா?"

அவரும் சிரித்தார். "மாசம் முடியற வரைக்கும் எங்க வூட்ல விடுங்க" என்றேன்.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்று கும்பிட்டார்.

இருட்டும் நேரத்தில் அவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கூடை காலியாக இருந்தது.

"மீன் மார்க்கெட்ல விட்டுட்டேங்க. டாக்டர் சொன்ன சாப்பாடு அங்கதான கெடைக்கும்?"

அதை மனநிறைவோடு சொன்னார். அந்த நிறைவுதான் எனக்கு இன்னும் கசக்கிறது. அவர் அரியலூர் பஸ்ஸில் ஏறியதும் மார்க்கெட்டுக்குப் போய்த் தேடினேன். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக மறுபடி அங்கே போனேன். புரட்டாசிச் சனிக்கிழமை. ஒரு மீன் கடைகூடத் திறந்திருக்கவில்லை.